சிரில்: காசில்லாத மென்பொருளில் ஒரு நல்ல ஸ்ட்ரெச்

இலவசமாகக் கிடைக்கும் வானப்பட மென்பொருட்களில் சிரிலுக்கு முதலிடம் கொடுக்க ஒரு கருவியே போதும்: 1.2 பதிப்போடு வந்த ஜிஎச்எஸ் (ஜெனரலைஸ்டு ஹைப்பர்பாலிக்) ஸ்ட்ரெச். ஸ்ட்ரெச் என்றால், கறுப்பாகக் கிடக்கும் படத்தின் மங்கலான ஒளியைக் கண்ணுக்குத் தெரியும்படி ஏற்றுவது.

சாதாரண ஹிஸ்டோகிராமில் (ஒளி மட்டங்களின் வரைபடம்) மிட்டோனை, அதாவது நடு ஒளி மட்டத்தை, இழுத்தால் எல்லாமே சேர்ந்து ஏறும். ஓரியன் நெபுலாவின் மங்கலான சிறகு தெரியத் தொடங்கும்போது நடுவிலுள்ள டிரபீசியம் நட்சத்திரக் கூட்டம் வெள்ளைத் திட்டாகிவிடும். ஜிஎச்எஸ்ஸில் எந்த ஒளி மட்டத்தில் கான்ட்ராஸ்ட் கூட வேண்டும் என்பதை நாமே சொல்லலாம். சிறகின் மேல் சின்னக் கட்டம் வரைந்து, அந்த மட்டத்தை எஸ்பி (சமச்சீர்ப் புள்ளி) ஆக எடுங்கள். ஸ்ட்ரெச்சின் அளவான டி-யை மெல்ல ஏற்றுங்கள். பி-யைக் கூட்டக் கூட்ட கான்ட்ராஸ்ட் அந்த மட்டத்தைச் சுற்றியே குவியும். பிரகாசமான பகுதிகளைக் காக்கும் எச்பி-யை 1-இலிருந்து இறக்கினால் நடுப்பகுதி தப்பும். ஒரே இழுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் சுற்றில் எஸ்பி ஹிஸ்டோகிராம் மேட்டுக்குச் சற்று இடப்புறம், அடுத்த சுற்றில் நெபுலாவின் மட்டம். பிறகுதான் கறுப்புப் புள்ளி (எது முழுக் கறுப்பு என்ற எல்லை). மேட்டின் இடது அடிவாரம் சுவரில் முட்டினால் மங்கல் தூசியெல்லாம் போச்சு.

இதெல்லாம் பின்னணி சமமாக இருந்தால்தான். கொழும்பில் அது லேசில் அமையாது. ஓரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வருவதால் பிழைக்கும். கரீனா நெபுலா தெற்கே 23 பாகைக்கு மேல் ஏறாது. வெள்ளவத்தை மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெஹிவளை வெளிச்சமும் கடற்காற்றின் ஈரமும் அதன் மேலேயே கிடக்கும். அந்தச் சாய்வையும் ஜிஎச்எஸ் சேர்த்தே பெருக்கும். ஆகவே படங்களை ஒன்றாக அடுக்கி ஸ்டாக் பண்ணுமுன் ஒவ்வொரு படத்திலும் டிகிரி 1-இல் (நேர்ச் சாய்வாக) பின்னணியை நீக்குங்கள், மிச்சத்தை ஸ்டாக்கில் வளைவான சாய்வையும் நீக்கும் ஆர்பிஎஃப் முறை பார்த்துக்கொள்ளும். பின்னணியை அளக்க வைக்கும் மாதிரிப் புள்ளி ஒன்று நெபுலாவில் விழுந்தாலும் அந்த இடம் குழியாகும்.

இடத்துக்கு இடம் கான்ட்ராஸ்டைக் கூட்டும் சிஎல்ஏஎச்இ கருவிக்கு அவ்வளவு மதிப்பெண் இல்லை. நுணுக்கத்தோடு இரைச்சலையும் தூக்கிவிடும், நட்சத்திரங்களைச் சுற்றிக் கருவளையம் விழும். ஸ்டார்நெட் என்ற மென்பொருளால் நட்சத்திரங்களை நீக்கிவிட்டு, கிளிப் அளவை (கான்ட்ராஸ்ட் வரம்பு) குறைத்துப் போட்டால் பரவாயில்லை. ஸ்டார்நெட்டைத் தனியாக நிறுவ வேண்டியிருப்பது ஒரு தொல்லை. விளைவை 100% அளவில் பாருங்கள். சுருக்கிய படத்தில் எல்லாம் அழகுதான்.

மாஸ்க் போட்டு (ஒரு பகுதியை மட்டும்) திருத்த கிம்ப் என்ற இலவச மென்பொருள் வசதி. 16 பிட் டிஃப் ஆகச் சேமித்துக் கொண்டுபோங்கள். சிரிலின் ஆட்டோஸ்ட்ரெச் காட்சி திரைக்கு மட்டுமே, படத்தின் தரவு மாறாது. அதை நம்பிச் சேமித்தால் கையில் கிடைப்பது கறுப்புப் படம்.