டிரைவர் போடுவதை நிறுத்திய பிறகு: லினக்ஸில் பத்து ஆண்டுகள், இரண்டு பிரிண்டர்கள்

எங்கள் வீட்டில் பிரிண்டர் சும்மா இருக்கும் நாள் குறைவு. மனைவி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். வாரத் தேர்வுக்கு வினாத்தாள், அப்புறம் விடைக்குறிப்பு, அரையாண்டு நெருங்கினால் மாதிரித் தாள் என்று மாதம் ஒரு ரீம் தாள் சுலபமாகக் காலியாகும். கணினியின் இயங்குதளம் 2014 முதல் டெபியன் லினக்ஸ்தான். அது என் விருப்பம். அவருக்கு வேண்டியது தாள் மட்டும். சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தேர்வு என்றால் நாலே முக்காலுக்கு ஹாலிலிருந்து “என்னங்க, வந்துச்சா?” என்று குரல் வரும். “வந்துடுச்சு” என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆனது என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல்.

முதல் பிரிண்டர், ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கறுப்பு வெள்ளை லேசர். மாடல் பெயர் வேண்டாம், இப்போது கடையில் கிடைக்கவும் கிடைக்காது. லினக்ஸுக்கு ஒத்துவருமா என்று வாங்கும்போது பார்க்கத் தோன்றவில்லை. யூஎஸ்பி வயர் இருக்கிறது, செருகினால் வேலை செய்யும் என்று நினைத்தேன். விலை குறைவான பழைய லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்குச் சொந்த மூளை கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலை முழுவதையும் கணினிதான் செய்து அனுப்ப வேண்டும். அதுவும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய ஒரு வடிவத்தில். என்னுடையதில் இன்னொரு விசேஷம், தன் ஃபர்ம்வேரை, அதாவது தன்னை இயக்கும் உள் மென்பொருளை, சேமித்து வைக்கக்கூட அதற்கு இடமில்லை. ஸ்விட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கணினி அதை ஊட்டிவிட வேண்டும். ஊட்டாவிட்டால் பச்சை விளக்கு எரியும், காகிதம் மட்டும் நகராது.

டிரைவர் என்பது கணினியையும் பிரிண்டரையும் பேச வைக்கும் மென்பொருள். ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற கட்டற்ற டிரைவர்தான் அதற்குக் கை கொடுத்தது. நிறுவிவிட்டு, ஃபர்ம்வேர் கோப்பைத் தனியாக இறக்கி, முதல் ஆறு மாதம் டெர்மினலில் கட்டளை அடித்து நானே ஊட்டினேன். கரண்ட் போய் வந்தால் மறுபடியும் ஊட்ட வேண்டும். கணினிக்கு யூபிஎஸ் உண்டு, பிரிண்டருக்கு இல்லை. வெயில் காலத்தில் ஒரே நாளில் மூன்று முறை ஊட்டியதுண்டு. யூஎஸ்பியில் சாதனம் தோன்றியதும் ஒரு சிறு நிரலைத் தானாக ஓட்டும் யூடெவ் விதி அந்த டிரைவருடனேயே வருகிறது. ஆறு மாதம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன். கூடவே வந்த ‘ரீட்மீ’ கோப்பைப் படித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம் வந்த இரண்டு தொல்லைகளுக்கும் டிரைவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டு முறையும் நான் டிரைவரைத்தான் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்று, தாள் அளவு. கணினியின் மொழி அமைப்பில் அமெரிக்க ஆங்கிலம் இருந்ததால் இயல்பான தாள் ‘லெட்டர்’ என்று ஆகிவிட்டது. லெட்டர் 279 மி.மீ. உயரம், நம்முடைய ஏ4 297 மி.மீ. சில பிரிண்டர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் அடித்துவிடும். சில, லெட்டர் தாளை வை என்று விளக்கைச் சிமிட்டியபடி காத்திருக்கும். என்னுடையது சிமிட்டும் ரகம். கணினியின் பொதுத் தாள் அளவு, அச்சு வரிசையின் (அச்சுக்குக் காத்திருக்கும் வேலைகளின் பட்டியல்) இயல்பு, லிப்ரெஆபீஸ் ஆவணச் செயலியின் பக்க அமைப்பு ஆகிய மூன்று இடத்திலும் ஏ4 என்று மாற்றியதும் சிமிட்டல் நின்றது. மொழி அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

இரண்டாவது, பாதியில் கரண்ட் போனால் அச்சு வரிசை நின்றுவிடுவது. கரண்ட் வந்து, பிரிண்டரை அணைத்துப் போட்டு, கணினியையும் மறுதொடக்கம் செய்தாலும் அது நகராது. லினக்ஸில் அச்சு வேலையெல்லாம் கப்ஸ் என்ற மென்பொருளின் வழியாகத்தான் நடக்கிறது. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்று அடித்தால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே போய்ப் பார்த்தால் வரிசை ‘நிறுத்தப்பட்டது’ என்று கிடந்தது. பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ‘பிரிண்டரை நிறுத்து’ என்று இருந்ததை ‘மறுபடி முயற்சி செய்’ என்று மாற்றினேன், தீர்ந்தது. இந்தப் பக்கம் ஒன்று இருப்பதே தெரியாமல் ஓராண்டு ஓட்டியிருக்கிறேன்.

தமிழ் எழுத்து உடையுமா என்று பலர் கேட்பார்கள். மூளையில்லாத பிரிண்டரில் ஒருபோதும் உடையவில்லை. பக்கத்தைக் கணினியே படமாக்கி அனுப்புவதால், எழுத்துரு விவகாரம் பிரிண்டருக்குத் தெரியவே தெரியாது. பிடிஎஃப்பை நேரடியாக வாங்கித் தானே அச்சிடும் பிரிண்டரில் எப்போதாவது ஒற்றெழுத்தின் புள்ளி இடம் மாறினால், ஒக்குலர் என்ற பிடிஎஃப் காட்டியின் அச்சு விருப்பங்களில் படமாக மாற்றி அனுப்பும் வசதி இருக்கிறது. கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் சரியாக வரும். மற்றபடி, வேறு ஆசிரியர்கள் அனுப்பும் வினாத்தாள் முழுக்க ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பிரிண்டரைத் திட்ட வேண்டாம். அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. எழுத்துருவைப் போட்டால் படிக்கலாம், யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

2019இல் லேசருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மை ஊற்றும் தொட்டியுள்ள ஆல்-இன்-ஒன் ஒன்று வாங்கினோம். கடைக்காரர் “லினக்ஸா? அதெல்லாம் வராது சார்” என்றார். அச்சு அன்றைக்கே வந்துவிட்டது. படுத்தியது ஸ்கேனர்தான்.

லினக்ஸில் ஸ்கேனர்களைக் கவனிப்பது சேன் என்ற மென்பொருள். ‘ஸ்கேனர் ஆக்சஸ் நவ் ஈசி’ என்பதன் சுருக்கமாம். அந்த ‘ஈசி’யைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய டிரைவரைப் போட்டாயிற்று. ரூட் பயனராக (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகக் கணக்கு) ஸ்கேனர்களைப் பட்டியலிட்டால் பெயர் வருகிறது. சாதாரணப் பயனராகக் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறது. வயரை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், சாதனத்தைத் தொடும் அனுமதி என் பயனர் கணக்குக்கு இல்லை, அவ்வளவுதான். ‘ஸ்கேனர்’ என்ற குழுவில் என் பெயரைச் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழைந்ததும் வேலை செய்தது. ரூட்டுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அது டிரைவர் கோளாறு இல்லை, அனுமதிக் கோளாறு. இது தெரியாமல் டிரைவரை நான்கு முறை கழற்றி மாட்டியிருக்கிறேன்.

அடுத்த ஆட்டம் டெபியனின் புதிய பதிப்பான டெபியன் 11. 2021 ஆகஸ்டில் வெளிவந்ததை டிசம்பர் விடுமுறையில் ஏற்றினேன். ஏற்றிய மறுநாள் ஸ்கேனர் ‘சாதனம் வேறு வேலையில் இருக்கிறது’ என்றது. பட்டியலில் ஒரே ஸ்கேனர் இரண்டு பெயரில் நின்றது, பிரிண்டரும் அப்படியே இரண்டு. ஒன்றில் அச்சு வருகிறது, இன்னொன்றில் வேலை போய்ச் சேர்ந்து அங்கேயே உறங்குகிறது.

நடந்தது இதுதான். டிரைவரே இல்லாமல் பிரிண்டருடன் பேச ஐபிபி என்ற பொது நெறிமுறை இருக்கிறது. வலையமைப்பில் பேசும் அந்த மொழியை யூஎஸ்பி வயர் வழியாகவும் பேச வைப்பது ஐபிபி-யூஎஸ்பி என்ற சின்ன நிரல். ஸ்கேனர் பக்கத்தில் டிரைவர் இல்லாமல் பேச சேன்-ஏர்ஸ்கேன். டெபியன் 11இல் இவை உள்ளே வந்துவிட்டன. ஐபிபி-யூஎஸ்பி சாதனத்தைப் பிடித்துக்கொண்டால் வேறு யாரும் அதைத் தொட முடியாது. நான் 2019இல் போட்ட டிரைவரோ அதே வயர் வழியாக, அதே சாதனத்தைத் தன் பழைய பாணியில் பிடிக்கப் பார்த்தது. பழையதை எடுக்காமல் விட்டது என் தவறுதான்.

முதலில் செய்தது சுத்த அவசர வேலை. ஐபிபி-யூஎஸ்பியை நிறுத்திவிட்டேன். எல்லாம் பழையபடி ஆனது, நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஓராண்டு கழித்து டிரைவர் தொகுப்பு எதிர்பார்க்கும் ஒரு நிரல் நூலகம் புதுப்பிப்பில் மாறிவிட, மறுபடி அதே ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பொறுமை போய், இறக்கி வைத்த டிரைவர் அத்தனையையும் நீக்கி, பழைய வரிசைகளையும் அழித்துவிட்டு, ஐபிபி-யூஎஸ்பியை மறுபடி ஓடவிட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். வரிசை தானாக வந்து நின்றது. டாக்குமென்ட் ஸ்கேனர் என்ற செயலியைத் திறந்தேன், ஸ்கேனரும் இருந்தது. டீ ஆறவில்லை.

இந்த வசதிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது கைப்பேசிகளுக்கு. கைப்பேசியில் டிரைவர் நிறுவச் சொல்ல முடியாது. 2010இல் ஆப்பிள் ஏர்பிரிண்ட்டைக் கொண்டுவந்தது. ஐபோனிலிருந்து அச்சிட வேண்டுமென்றால் பிரிண்டரே தன் திறமைகளைச் சொல்லி, பொது வடிவத்தில் பக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆனது. ஆண்ட்ராய்டு பக்கத்தில் மோப்ரியா என்ற கூட்டமைப்பு அதே வேலையைச் செய்தது. லினக்ஸுக்காக யாரும் இதைச் செய்யவில்லை, நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் நமக்கும் கிடைத்தது. கப்ஸை 1997இல் எழுதத் தொடங்கிய மைக்கேல் ஸ்வீட்டை 2007இல் ஆப்பிளே வேலைக்கு எடுத்து, மூல நிரலையும் வாங்கிக்கொண்டது. ஆகவே கப்ஸும் ஏர்பிரிண்ட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத்தான்.

இப்போது எப்படி இருக்கிறது? அச்சில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் டிரைவர் இல்லாத முறையில் விருப்பங்கள் குறைவு. நிறுவனத்தின் டிரைவரில் மை மிச்சம் பிடிக்கும் அளவுகள் நான்கு இருந்தன, இதில் வரைவு, சாதாரணம், உயர்தரம் அவ்வளவுதான். மை முனையைச் சுத்தம் செய்ய பிரிண்டரின் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். வைஃபையில் போட்டால் சில நாள் காணாமல் போகும். ரூட்டரில் அதற்கென்று நிலையான முகவரி ஒதுக்கிய பிறகு அந்தக் கண்ணாமூச்சி பெரும்பாலும் நின்றது. வினாத்தாள் அவசரத்துக்கு இன்னமும் வயர்தான் நம்பிக்கை.

ஸ்கேன் பயன்பாடு நான் நினைத்ததைவிட அதிகம். பட்டா, வில்லங்கச் சான்று, பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் என்று எழுத்து ஆவணங்களுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். அதிலேயே ஓர் ஏ4 பக்கம் 2480க்கு 3508 புள்ளிகள் வரும். பழைய குடும்பப் படங்களுக்கு மட்டும் 600. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளின் தமிழ்த் தரவைப் போட்டு அச்சுத் தாள்களிலிருந்து எழுத்தை எடுக்கிறேன். நல்ல அச்சாக இருந்தால் திருத்துவது கொஞ்சம்தான், மங்கிய நகலாக இருந்தால் மனைவி தானே தட்டச்சு செய்துவிடுகிறார், அதுதான் வேகம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி மட்டும் உள்ள விலை குறைந்த லேசர்களில் அது இல்லாமல் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. கையில் ஏற்கெனவே பழைய பிரிண்டர் இருந்தால் நிறுவனத் தளத்துக்கு ஓடுவதற்கு முன் டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் தேடுங்கள். ஹெச்பிக்கு ஹெச்பிலிப், பிரதர் லேசர்கள் பலவற்றுக்கு பிரலேசர், எப்சன் இங்க்ஜெட்டுகளுக்கு ஈஎஸ்சிபிஆர் என்று அங்கேயே இருக்கின்றன. கப்ஸின் மூன்றாம் பதிப்பில் பழைய பாணி டிரைவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவற்றை ‘பிரிண்டர் அப்ளிகேஷன்’ என்ற உறைக்குள் வைத்து ஓட்டப்போகிறார்களாம். பரணில் இருக்கும் என் லேசரை அன்றைக்கு இறக்கிப் பார்க்க வேண்டும்.

மே மாத விடுமுறையில் டியூஷன் இல்லாததால் மை முனை காய்ந்துவிடுகிறது. அதனால் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு வண்ணப் பக்கம் தானாக அச்சாகும்படி, நேரம் பார்த்து வேலையை ஓட்டும் கிரான் என்ற நிரலில் போட்டு வைத்தேன். போன ஆண்டு கணினியை அணைக்க மறந்து ஊருக்குப் போய்விட்டோம். மூன்று வாரம் கழித்துக் கதவைத் திறந்தால் தரையில் மூன்று தாள், நாலாவது பாதியில் நிற்கிறது. அன்றும் ஞாயிற்றுக்கிழமை, மணி பத்து.