அசல் என்று சான்றளித்துப் போலிக் கைப்பையை விற்றார்கள்: வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பயன்படுத்திய உயர்விலைக் கைப்பைகளை "நிபுணர்கள் சோதித்து உறுதி செய்தவை" என்று சொல்லி விற்கும் ஓர் இணையத் தளத்தில் என் நான்கு மாதச் சம்பளத்தை இழந்திருக்கிறேன். வந்த பை போலி. அது போலி என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று இன்று காலை இறுதியாக எழுதியும்விட்டார்கள். கோபம் ஆறிய பிறகு எழுதினால் அவர்கள் செய்ததன் கொடுமை என் எழுத்தில் மங்கிவிடும் என்று அஞ்சுவதால் இப்போதே எழுதுகிறேன். தளத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே முறையில் வியாபாரம் செய்யும் தளங்கள் பல இருப்பதால், எனக்கு நேர்ந்தது அவற்றில் எதிலும் எவருக்கும் நேரலாம்.

லூயி விட்டோன் நிறுவனத்தின் ஸ்பீடி பையின் மீது எனக்குப் பள்ளிக் காலத்திலிருந்தே ஆசை. 1930இல் பயணப் பையாக அறிமுகமாகி, பிற்பாடு நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் விரும்பிக் கேட்டதற்கிணங்கச் சிறிய அளவிலும் செய்யப்பட்ட பை அது. அதன் உருண்ட வடிவமும், பழுப்பு நிறக் கான்வாஸில் ஓடும் பூக்களும் எழுத்துகளும் எனக்குப் பிடிக்கும் என்றாலும், எல்லாவற்றையும் விடப் பிடித்தவை அதன் கைப்பிடிகள்தாம். சாயமிடாத மாட்டுத்தோலால் ஆன அந்தக் கைப்பிடிகள் புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய வெண்மையாக இருக்கும். வெளிச்சமும் உரிமையாளரின் கையும் படப்பட, ஆண்டுக்காண்டு நிறம் கூடித் தேன் நிறத்துக்கு வரும். என்னோடு சேர்ந்து வயதாகும் ஒரு பொருளை என் சொந்த உழைப்பில் வாங்கி, பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பமாக இருந்தது. "பொருள் வைக்க ஒரு பை போதாதா, இதற்கு ஏன் இவ்வளவு பணம்?" என்று கேட்பவர்களுக்கு நான் கூறக்கூடியது ஒன்றுதான்: யாரிடமும் கடன் வாங்காமல், யாருடைய பங்கையும் குறைக்காமல், சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அந்த ஆசையில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இந்த நிறுவனம் தன் பைகளைத் தன் சொந்தக் கடைகளிலும் சொந்த இணையதளத்திலும் மட்டுமே விற்கிறது. தள்ளுபடி விற்பனை நடத்துவதில்லை. புதிய பையின் விலை எட்டாதவர்களுக்குப் பிறர் பயன்படுத்திய பையே வழி. நம்பகமான விற்பனையாளரைத் தேடித் தேடித்தான் அந்தத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அவர்கள் என் நம்பிக்கையைப் பெற்ற விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். அரட்டைப் பெட்டியில் பேசிய ஆலோசகர் விலையைப் பற்றி முதலில் எதுவும் பேசவில்லை. இந்தப் பையை எவ்வளவு காலமாக விரும்புகிறீர்கள், இதுதான் உங்கள் முதல் பையா என்று கேட்டார். சொன்னேன். எவரிடமும் அவ்வளவு விரிவாகச் சொல்லாததை அவரிடம் சொன்னேன், ஏனெனில் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "முதல் பை என்றால் அது வாழ்நாள் நினைவு; உங்களுக்காக நானே தனிக் கவனத்துடன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தருகிறேன்" என்று எழுதினார். மறுநாள் 2015இல் செய்யப்பட்டதென்று ஒரு பையின் படங்களும், தங்கள் நிபுணர் கையொப்பமிட்ட சான்றிதழும், தயாரிப்பு நிறுவனமே வழங்கியது என்று சொல்லிப் பொன்னெழுத்துகள் பதித்த அசல் அட்டை ஒன்றின் படமும் வந்தன. கார்டில் செலுத்தாமல் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் சிறு சலுகை உண்டு என்றும், இன்னொருவரும் இதே பையைக் கேட்டிருந்தாலும் எனக்காக ஒதுக்கி வைத்திருப்பதாகவும் சொன்னார். நான்கு மாதச் சம்பளத்தை அன்று மாலையே அனுப்பினேன்.

பார்சல் அழகாக வந்தது. பையின் ஜிப்பையும் கைப்பிடியையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் முத்திரைப் பட்டையால் பூட்டியிருந்தார்கள். பட்டையை அறுத்தால் பையைத் திருப்பி அனுப்பும் உரிமை போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. பட்டையை அறுக்காமல் பையைத் திறக்கவே முடியாது. திறக்காமல் உள்ளே பார்க்க முடியாது. அதாவது, போலியா என்று சோதிக்க வேண்டிய இடம் முழுவதையும் பூட்டி வைத்துவிட்டு, சோதித்தால் பணம் கிடையாது என்று விதி எழுதியிருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று நான் நம்பமாட்டேன்.

பையைத் திறந்தவுடன் பசையின் நெடி அடித்தது. உள்ளே தைத்திருந்த சிறு தோல் துண்டில், எழுத்துகளுக்குப் பின்னால் 6175 என்ற எண் இருந்தது. 2007 முதல் இந்த நிறுவனத்தின் தேதிக் குறியீட்டில் முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் வாரத்தைக் குறிக்கும், இரண்டாம் எண்ணும் நான்காம் எண்ணும் ஆண்டைக் குறிக்கும். அப்படிப் படித்தால் என் பை 2015ஆம் ஆண்டின் 67ஆம் வாரத்தில் செய்யப்பட்டிருக்கிறது. எந்த ஆண்டிலும் 67 வாரங்கள் இல்லை. அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஸ்பீடியின் மோனோகிராம் கான்வாஸ், அதாவது பூக்களும் எழுத்துகளும் ஓடும் அந்தத் துணி, முன்புறத்திலிருந்து அடியைச் சுற்றிப் பின்புறம் வரை ஒரே துண்டாகச் செல்வதால், அசல் பையின் ஒரு பக்கத்தில் எழுத்துகள் தலைகீழாகத்தான் இருக்கும். என்னுடையதில் இரு பக்கமும் நேராக இருக்க, அடியில் ஒட்டுத் தையல் இருந்தது. அவர்கள் அனுப்பிய படங்களில் முன்பக்கம் மட்டுமே இருந்ததன் காரணம் அப்போது புரிந்தது. கைப்பிடிகள் வெயில் படாத மடிப்புகளுக்குள்ளும் ஒரே பழுப்பாக இருந்தன. அது காலம் தந்த நிறமல்ல, பூசிய சாயம். அந்தப் பொன்னெழுத்து அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: இந்த நிறுவனம் தன் பைகளுக்கு அப்படி ஓர் அசல் அட்டையை வழங்குவதே இல்லை.

நிறுவனர் லூயி விட்டோன் இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1896இல் அவருடைய மகன் ஜார்ஜ் விட்டோன் இந்த மோனோகிராம் வடிவத்தை உருவாக்கியதற்குக் காரணமே போலிகள்தாம். அதற்கு முன் வந்த கோடுகளையும், 1888இல் வந்த சதுரக் கட்டங்களையும் பிறர் காப்பியடித்ததால், எளிதில் காப்பியடிக்க முடியாதபடி பூக்களையும் தன் தந்தையின் பெயரின் முதலெழுத்துகளையும் பின்னினார். அந்த வரலாற்றைத் தன் விற்பனைப் பக்கத்திலேயே அழகாக எழுதி வைத்திருக்கும் தளம்தான் எனக்குப் போலியை அனுப்பியது. படிக்கும்போது உடல் நடுங்கியது.

பிறகு நடந்தவை இன்னும் மோசம். அவ்வளவு கனிவாகப் பேசிய ஆலோசகர் என் முதல் புகாருக்குப் பின் பதிலே தரவில்லை. வேறொருவர் வந்து, "உங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்றார். உரிய பிரிவு எது என்று கேட்டதற்கு அதே வாக்கியம் திரும்ப வந்தது. படங்கள் தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்புங்கள் என்றார்கள், அனுப்பினேன். அடுத்தவர் அதே படங்களை முதலிலிருந்து கேட்டார். மூன்று நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும் என்ற விதியைக் காட்டி, இந்த அலைக்கழிப்பில் கழிந்த நாட்களை என் தாமதமாகக் கணக்கிட்டார்கள். 67ஆம் வாரத்தைப் பற்றிக் கேட்டபோது, "எங்கள் நிபுணர் குழு பையை அசல் என்று மறுஉறுதி செய்துள்ளது" என்று மட்டும் பதில் வந்தது. பை என் வீட்டில் இருக்கும்போது எந்த நிபுணர் அதைத் தொட்டுப் பார்த்தார்? இன்று காலை வந்த கடிதத்தில், முத்திரைப் பட்டை அகற்றப்பட்டதால் என் புகார் முடிக்கப்படுவதாகவும், நல்லெண்ண அடையாளமாக அடுத்த கொள்முதலுக்குக் கழிவுக் கூப்பன் தருவதாகவும் எழுதியிருக்கிறார்கள். நான்கு மாதச் சம்பளத்தைப் பறித்துக்கொண்டவர்கள் என்னை மறுபடியும் வாங்க அழைக்கிறார்கள்.

நான் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று அவர்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சோதித்துத் தருவதற்காகவே அவர்கள் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தக் கட்டணத்தையும் நான் கட்டியிருக்கிறேன். பணம் போனது ஒரு பக்கம். இனி யார் தோளிலாவது அந்தப் பையைப் பார்த்தால், முன்பு வந்த மகிழ்ச்சிக்குப் பதிலாக அந்த அரட்டைப் பெட்டிதான் எனக்கு நினைவுக்கு வரும். அதற்கு எந்தக் கூப்பன் ஈடாகும்?

விரிவான வழிகாட்டியாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பாதீர்கள். கார்டில் செலுத்தினால், போலிப் பொருள் வந்தால் பணத்தைத் திரும்பக் கோர வழி உண்டு, சலுகைக்காக அதை விடாதீர்கள். அடிப்பகுதி, பின்பக்கம், உள்ளே இருக்கும் குறியீடு ஆகியவற்றின் படங்கள் வராமல் பணம் செலுத்தாதீர்கள். குறியீடு சரியாக இருந்தாலும் பை அசல் என்று பொருளில்லை, ஏனெனில் சரியான எண்ணையும் போலியில் அச்சிடலாம். 2021 முதல் வரும் பைகளில் அந்தக் குறியீட்டுக்குப் பதிலாக உள்ளே மின்னணுச் சில்லு வைக்கிறார்கள். அசல் அட்டை இருக்கிறது என்று சொல்பவரிடம் இந்த நிறுவனத்தின் பையை வாங்கவே வாங்காதீர்கள். பார்சலைப் பிரிப்பதை முதலிலிருந்து இறுதிவரை காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். திறக்க முடியாதபடி பட்டை போட்டு வந்தால், அறுக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் அந்தத் தளத்தில் இன்னொரு ஸ்பீடி விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே கோணத்தில் எடுத்த முன்பக்கப் படம், அதே பொன்னெழுத்து அட்டை, அதே சான்றிதழ். யாரும் பணம் அனுப்பிவிடாதீர்கள்.