மே மாத மலைக்கு எதைத் தூக்குவது: டென்ட்டா, தார்ப்பாயா, ஹேமக்கா?

கத்திரி வெயிலுக்குத் தப்பி ரெண்டு நாள் மலைக்குப் போகலாம் என்று பெரம்பூரில் ரயில் ஏறுகிறவர்கள் முதலில் கேட்பது, "எதுல வெயிட்டு கம்மி?" என்பதைத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கேள்வியில் பெரிதாக ஒன்றுமில்லை. ரெண்டு பேர் படுக்கும் சாதாரண டென்ட் சுமார் இரண்டரைக் கிலோ. பாரிமுனையில் வாங்கும் நீலத் தார்ப்பாய், 10-க்கு 10 அடி, 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) என்றால் 1.1 கிலோ. அதோடு 20 மீட்டர் கயிறு, டபுள் கொசுவலை, கீழே விரிக்க ஒரு ஷீட் என்று சேர்த்தால் அதுவும் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். கடையில் "நல்ல திக்கா குடுங்க" என்று சொல்லி 200 ஜிஎஸ்எம் வாங்கி வந்தால் தார்ப்பாய் மட்டுமே 1.9 கிலோ, மற்றதையும் சேர்த்தால் டென்ட்டை விடக் கனம். இதற்கு மேல் ஆளுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் எப்படியும் பையில் ஏறப்போகிறது. அரைக் கிலோ முன்னே பின்னே இருந்தால் முதுகுக்குத் தெரியாது. ராத்திரி காற்று வருகிறதா இல்லையா என்பது நிச்சயம் தெரியும். வியர்த்துக் கொட்டி விழித்துக் கிடந்தால் காலையில் குடிக்க வைத்த தண்ணீரும் அப்போதே தீர்ந்துவிடும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்; ஜவ்வாது, கொல்லிமலையும் ஏறக்குறைய அந்த உயரம்தான். மே மாத ராத்திரி அங்கே இதமாக இருக்கும், குளிராது. கொடைக்கானல் 2,100 மீட்டர் என்பதால் கதை வேறு. கீழே வரும் தீர்ப்பெல்லாம் முதல் வகை மலைகளுக்கு.

டென்ட் வாங்குவதானால் உள்கூடாரத்தின் மேல்பாதி முழுக்க வலையா என்று பாருங்கள். மலிவான டென்ட்டுகளில் துணிதான் இருக்கும், ஜன்னல் மாதிரி ஓரிடத்தில் மட்டும் வலை வைத்திருப்பார்கள். உள்கூடாரம், மேல் உறை என்று ரெண்டு அடுக்கு இல்லாத ஒற்றைச் சுவர் டென்ட் இன்னும் மோசம்: மூச்சுக்காற்றின் ஈரம் உள்பக்கம் துளியாகக் கட்டி விடியற்காலை முகத்தில் சொட்டும், மழையே பெய்திருக்காது. முழு வலை டென்ட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. கோடை மழை சொல்லிவிட்டு வராது. மேல் உறையைக் கழற்றிவிட்டுத் தூங்கினால் நடுராத்திரி எழுந்து ஓட வேண்டும். போட்டுக்கொண்டே தூங்கினால் புழுக்கம். நடு வழி: உறையைக் காற்று வராத பக்கம் முழுக்க முளையடித்து, வரும் பக்கத்தைச் சுருட்டிக் கட்டுங்கள். இடி கேட்டதும் இறக்கிவிட்டால் போதும்.

தார்ப்பாயின் பலமே அந்தப் பக்கவாட்டுத் திறப்புதான். இரண்டு மரத்துக்கு நடுவே ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கயிறு, அதன்மேல் பாயைப் போட்டு நாலு மூலைக்கும் ஆளுக்கு இரண்டரை மீட்டர் கயிறு. மழை அடிக்கும் பக்கத்தைத் தாழ்த்தி, மறுபக்கத்தைத் தூக்கிக் கட்டினால் காற்று உள்ளே புகுந்து போகும். கயிற்றைக் காசிமேட்டில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் 4 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கலாம். நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும், பாதி மழையில் பாய் வயிறு தொங்கித் தண்ணீர் தேங்கும். பாலிப்ரொப்பிலீன் கயிறு நனையாது, ஆனால் வழுக்கும். ஒரு சுற்றுக் கூடப் போட்டு முடிச்சிடுங்கள். படகு கட்டத் தெரிந்தவருக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிய்ந்துபோவது எப்போதும் மூலையில் இருக்கும் அலுமினிய வளையம்தான். அதை நம்பாதீர்கள். மூலைக்குச் சற்று உள்ளே, பாய்க்கு அடியில் நெல்லிக்காய் அளவு கூழாங்கல்லை வைத்து, பாயோடு சேர்த்துக் கழுத்தில் கயிறு கட்டினால் எந்தக் காற்றுக்கும் பிய்யாது. இன்னொன்று: மழைநீர் மேல்கயிற்றின் வழியே ஊர்ந்து உள்ளே வந்து சரியாகக் கொசுவலை மேல் சொட்டும். பாய்க்கு வெளியே ஒரு சாண் தள்ளி, கயிற்றில் ஒரு ஷூ லேஸைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அங்கேயே இறங்கிவிடும்.

வலை இல்லாமல் தார்ப்பாய் மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். கொசுவுக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு, தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பதும் அதுதான் அதிகம். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது என்பதால் கடித்ததே தெரியாமல் போகும். வலையின் ஓரத்தைச் சுற்றிலும் கீழே விரித்த ஷீட்டுக்கு அடியில் செருகியே ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ஜிப் போட்டு மூடும் டென்ட்தான் மேல். குழந்தைகளோடு போகிறவர்கள், உடை மாற்ற மறைவு வேண்டுகிறவர்கள், மரமே இல்லாத மைதானத்தில் தங்குகிறவர்கள் யோசிக்காமல் டென்ட் எடுக்கலாம். கொடைக்கானல் பக்கம் போகிறவர்களும்தான்.

ஹேமக், அதாவது மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை, தனியாளுக்கு. நாலு மீட்டர் இடைவெளியில் ரெண்டு தெம்பான மரம் வேண்டும், அதுவும் ஆளுக்கு ரெண்டு. அடியில் காற்றோடுவதால் கோடைக்கு அருமை. ஆனால் மெல்லிய துணியைத் துளைத்துக் கொசு முதுகில் கடிக்கும், மேலே மட்டும் வலை போட்டுப் பயனில்லை. கயிற்றுக்குப் பதில் ஓரங்குல நாடாப் பட்டை கட்டினால் மரப்பட்டை அறுபடாது. தென்னையும் காய்ந்த கிளையுள்ள மரமும் கூடாது. இடிமழை நேரத்தில் ஒற்றை மரத்தடி தார்ப்பாய்க்கும் ஆகாது, ஹேமக்குக்கும் ஆகாது.

எதை எடுத்தாலும் தங்குவது முகாம் நடத்தும் தனியார் இடத்திலோ, சொந்தக்காரரைக் கேட்டுத் தோட்டத்திலோ இருக்கட்டும். 2018 மார்ச்சில் தேனி பக்கம் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட குரங்கணி காட்டுத்தீ நடந்த பிறகு காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது விளையாட்டில்லை.

டென்ட் வாங்குகிற திருவொற்றியூர், ராயபுரத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு செலவுக் கணக்கு. கடற்காற்று ஈரத்தில், சுருட்டிய பையோடு பரணில் போட்டு வைத்தால் துணியின் உள்பக்கப் பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து, நாற்றமடித்து, உரிந்து வந்துவிடும். அதற்குப் பிறகு அது மழைத் தண்ணீரைத் தடுக்காது. ஊர் திரும்பிய அன்றே நிழலில் உலர்த்தி, பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் வையுங்கள். ஜிப்பை நல்ல தண்ணீரில் துடைக்காவிட்டால் அதுவும் உப்பேறி இறுகிவிடும். தார்ப்பாய்க்கு இந்தச் சீராட்டு எதுவும் வேண்டாம். வெயிலில் மட்டும் மாதக்கணக்கில் கிடக்கவிடாமல் இருந்தால் போதும்.