கேனபிக்குச் சாயமா, ஸ்பிரேயா: இரண்டு கோடை பறந்த பிறகு

ஆர்.சி. (ரேடியோ கன்ட்ரோல்) மாடல் விமானத்தின் தெளிவான கேனபியை, அதாவது விமானி அறை மேல்மூடியை, புகை நிறமாக்க இரண்டு வழி உண்டு: வெந்நீரில் கரைத்த சாயத்தில் முக்கலாம், அல்லது உள்பக்கம் ஸ்பிரே அடிக்கலாம். கிருஷ்ணகிரி வெயிலில் இரண்டு கோடை பறந்த கேனபிகளை வைத்துச் சொல்வதானால், பெட்-ஜி (PETG) பிளாஸ்டிக் கேனபிக்குச் சாயம்தான் நல்லது. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் கேனபிக்கு அதற்கென்றே வரும் ஸ்பிரே போதும். ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் பிஎஸ்-31 ஸ்மோக் அந்த வகை.

பருத்திச் சாயம் பிளாஸ்டிக்கில் ஏறாது. பாலியஸ்டர் துணிக்கான டிஸ்பர்ஸ் சாயம் வேண்டும். ஈரோட்டுச் சாயக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் சாயம், பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு. கரைத்ததும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். கரையாத துகள் ஒட்டினால் அந்த இடத்தில் கரும்புள்ளி விழும், பிறகு போகாது.

கேனபி கெடுவது பெரும்பாலும் சூட்டால்தான். பெட்-ஜி 80 டிகிரியை நெருங்கும்போதே இளகும். தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்துச் செய்த பொருள் என்பதால், இளகினால் பழையபடி தட்டையாகப் பார்க்கும். பிறகு விமானத்தின் உடலோடு பொருந்தாது. ஆகவே 60 முதல் 65 டிகிரிக்குள் வைத்து, நேரத்தைக் கூட்டுங்கள். சாயப் பாத்திரத்தை அடுப்பில் நேரடியாக வைக்காமல், பெரிய குண்டானில் வெந்நீர் ஊற்றி அதற்குள் இறக்குவது பத்திரம். தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஓரத்துத் தகட்டை முன்கூட்டியே வெட்டிவிடாதீர்கள். கிளிப் மாட்டிப் பிடிக்க அதுதான் கைப்பிடி, வெள்ளோட்டம் பார்க்கத் துண்டும் அதிலேயே கிடைக்கும். கேனபியைச் சோப்புப் போட்டுக் கழுவி, கைரேகை படாமல், சாய்த்து இறக்குங்கள். கவிழ்த்து இறக்கினால் குழிவுக்குள் காற்று தங்கி, அங்கே வெளுத்த திட்டு விழும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் பாருங்கள். கறுப்புச் சாயம் பல நிறங்களின் கலவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஏறுவதால் தொடக்கத்தில் ஊதாவோ பழுப்போ தட்டலாம். முதலில் துண்டில் பார்ப்பது அதற்காகத்தான்.

தர்மபுரி போர் தண்ணீரில் அலசிக் காயவிட்டால் உப்புக் கறை வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர் போதும்.

ஸ்பிரே என்றால் உள்பக்கம், 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, மெல்லிய மூன்று நான்கு பூச்சு. ஒரே பூச்சில் கறுப்பாக்க நினைத்தால் மூலையில் தேங்கி வடியும். ஆடிக் காற்றில் வெளியே அடித்தால் செம்மண் தூசி ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழை ஈரத்தில் பூச்சு பால்போல வெளுக்கும்.

இனி நாள்பட்ட நிலவரம். சாயம் தோலுரிவதில்லை, ஆனால் வெயிலில் மெல்ல வெளுக்கிறது. பறக்காத நேரத்தில் துணியுறை போட்டால் வெளுப்பு தள்ளிப்போகும். ஸ்பிரே செய்தது பளபளப்போடு இருக்கும். பேட்டரி மாற்றக் கழற்றி மாட்டும்போது விரல் படும் ஓரத்தில்தான் தேய்கிறது. ஒட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். பெயின்டின் மேல் பசை தடவினால் பசை பெயின்டைத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக்கை அல்ல. இழுத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். அடிப்பதற்கு முன் ஓரத்தில் ஐந்து மில்லிமீட்டர் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். சயனோ பசை (சூப்பர் குளூ) எதற்கும் வேண்டாம்: அதன் ஆவி படிந்து கேனபி மூடுபனி போலாகிவிடும். வெள்ளையாக இருந்து தெளிவாகக் காயும் கேனபி பசை மெதுவாகப் பிடித்தாலும் வெயிலுக்கு நெகிழ்ந்து கொடுக்கிறது.

கறுத்த கேனபி வெயிலை அதிகம் உறிஞ்சும். சித்திரையில் மூடிய காருக்குள் வைத்தால் ஓரம் நெளியும், உள்ளே பேட்டரியும் சூடேறும். மூக்கில் ஒரு காற்றுத் துளை, பின்பக்கம் அதைப்போல் இரு மடங்கு பெரிய வெளியேற்றம் வைத்துவிடுங்கள்.