காணொளிக்கு மதிப்பெண் இடும் தளம்: ட்ரீமிங் ஸ்பானிஷும் அதன் மாற்றுகளும்

அயல்மொழி ஒன்றைக் கற்கத் தொடங்குபவருக்குக் காணொளிகளுக்குப் பஞ்சமே இல்லை. தனக்குப் புரியக்கூடிய காணொளி எது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. யூடியூபில் மொழியின் பெயரோடு 'தொடக்கநிலை' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால், வணக்கம் சொல்வது எப்படி, பத்து வரை எண்ணுவது எப்படி என்ற பாடங்கள்தாம் வரிசையாக வந்து நிற்கும். அவற்றிலும் பலவற்றில் பேசுபவர் பாதி நேரத்துக்கு மேல் ஆங்கிலத்திலேயே விளக்கிக்கொண்டிருப்பார். அந்தச் சொல்லை நீக்கிவிட்டுத் தேடினாலோ, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தம்மவருக்காகப் பேசும் காணொளிகள் வரும். அவற்றில் ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்கூட நம் காதுக்குப் பிடிபடாது. இந்த இடைவெளியை நிரப்புவதாகச் சொல்லும் சேவைகள் சிலவற்றை ஸ்பானிஷ், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளுக்காகப் பயன்படுத்திப் பார்த்ததில், ட்ரீமிங் ஸ்பானிஷ் என்ற தளமே இச்சிக்கலைச் சரியான முனையில் பிடித்திருப்பதாகத் தோன்றியது.

அதன் சிறப்பு கற்பிக்கும் முறையில் இருப்பதைவிட, வரிசைப்படுத்தும் முறையில்தான் அதிகம் இருக்கிறது. காணொளிகள் மிகத் தொடக்கநிலை, தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இதை யாரும் செய்துவிடலாம். ஆனால் இத்தளம் ஒவ்வொரு காணொளிக்கும் தனித்தனியாகக் கடின அளவைக் குறிக்கும் எண் ஒன்றையும் தருகிறது. அந்த எண்ணைப் பார்வையாளர்களிடமிருந்தே பெறுகிறது. 'இந்தக் காணொளி எவ்வளவு கடினம்?' என்று கேட்காமல், நாம் ஏற்கெனவே பார்த்த இரண்டு காணொளிகளை அருகருகே வைத்து, 'இவற்றில் எது கடினமாக இருந்தது?' என்று மட்டும் கேட்கிறது. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு விடை வரும். இரண்டாவது கேள்விக்குப் புதிதாகக் கற்பவர்கூடத் தயங்காமல் விடை சொல்லிவிடுவார். இப்படிச் சேர்ந்த ஒப்பீடுகளிலிருந்து பிறக்கும் எண்ணைக் கொண்டு காணொளிகளை எளிதிலிருந்து கடினம் நோக்கி அடுக்கிக்கொள்ளலாம். பொருள், பேசுபவர், எந்த நாட்டு உச்சரிப்பு என்பவற்றைக் கொண்டும் வடிகட்டலாம்.

மிகத் தொடக்கநிலைக் காணொளி ஒன்று எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் இது விளங்கும். ஆசிரியர் வெண்பலகையில் ஒரு நாயை வரைந்து 'பெர்ரோ' என்கிறார். அதன் பக்கத்திலேயே இன்னொன்றைப் பெரிதாக வரைந்து, கைகளை அகல விரித்து, 'பெர்ரோ கிராண்டே' என்கிறார். பிறகு முதல் நாயைச் சுட்டி, விரல்களைக் குவித்து, 'பெக்கேஞோ' என்கிறார். மொழிபெயர்ப்பும் இலக்கண விளக்கமும் இல்லை. ஐந்து நிமிடத்தில் 'கிராண்டே' இருபது முறையாவது காதில் விழுந்துவிடுகிறது. பாங்காக்கில் ஏயூஏ மொழி மையத்தில் ஜே. மார்வின் பிரவுன் 1984இல் தாய்லாந்து மொழியைக் கற்பிக்கத் தொடங்கிய முறையின் வழிவந்தது இது. கற்பவர் தமக்குத் தெரிந்ததைவிட ஒரு படி மட்டுமே மேலான மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும்போது மொழி தானாகப் படிகிறது என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் முன்வைத்த கருதுகோளும் இதற்குப் பின்னணியில் உண்டு. அந்த 'ஒரு படி' என்பதை எப்படி அளப்பது என்பதுதான் அன்றுமுதல் எல்லோரையும் இடறச் செய்யும் கேள்வி.

சொல்வள ஆய்வாளர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பனுவலைத் துணையின்றிப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூ, நேஷன் ஆகிய இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. நிமிடத்துக்கு 150 சொற்கள் பேசப்படும் காணொளி ஒன்றுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 98 விழுக்காடு என்றால் நிமிடத்துக்கு 3 தெரியாத சொற்கள். 95 விழுக்காடு என்றால் ஏழெட்டு. 90 விழுக்காடு என்றால் 15, அதாவது நான்கு நொடிக்கு ஒரு முட்டுக்கட்டை. படம் துணைக்கு இருப்பதால் காணொளியில் சற்றுக் கூடுதலாகத் தாங்கலாம் என்றாலும், 15 என்பது தாங்கக்கூடியது அன்று. புதிய காணொளி எதைத் திறந்தாலும் முதல் இரண்டு நிமிடம் சப்டைட்டில் இல்லாமல் பார்த்துத் தெரியாத சொற்களுக்கு விரல் மடக்குகிறேன். இரு கை விரல்களும் தீர்ந்துவிட்டால் மூடிவிடுகிறேன்.

ஆனால் சொற்கணக்கை மட்டும் நம்பி நிலை குறிப்பதும் ஆபத்துதான். சந்தா கட்டிச் சில மாதம் பயன்படுத்திய வேறொரு செயலி, காணொளியில் வரும் சொற்கள் எவ்வளவு பொதுவானவை என்று கணக்கிட்டு நிலை குறித்திருந்தது. அது 'எளிது' என்று முத்திரை குத்தித் தந்த காட்சி ஒன்றில் இரண்டு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் 'தொமார் எல் பேலோ' என்ற தொடர் வந்தது. எடுப்பதைக் குறிக்கும் வினையும் முடியைக் குறிக்கும் பெயரும் முதல் மாதத்திலேயே கற்றுவிடும் சொற்கள். ஆனால் இரண்டும் சேர்ந்தால் ஒருவரைக் கேலி செய்து ஏய்ப்பது என்று பொருள். காதும் பூவும் தெரிந்த ஒருவருக்குக் 'காதில் பூச்சுற்றுவது' புரிந்துவிடாது அல்லவா? பேச்சின் வேகம், பின்னணி இரைச்சல், மரபுத்தொடர் ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. பார்த்தவர்களின் ஒப்பீட்டில் இவையெல்லாம் சொல்லாமலேயே ஏறிவிடுகின்றன.

ட்ரீமிங் ஸ்பானிஷைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கவும் முடியாது. கேட்ட மணிநேரத்தைக் கொண்டு கற்பவரின் வளர்ச்சியைக் குறிக்கும் அதன் வழித்தடத்தில், கடைசியான ஏழாம் படிக்கு 1500 மணிநேரம் கேட்டிருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் என்று வைத்தால் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. தொடக்கத்தில் பேசுவதையும் படிப்பதையும் தள்ளிவைக்கச் சொல்லும் அதன் கொள்கை, வேலைக்காகவோ பயணத்துக்காகவோ ஆறு மாதத்தில் நாலு வாக்கியம் பேசியாக வேண்டியவருக்குப் பொருந்தாது. காணொளிகளில் ஒரு பகுதி இலவசம். முழுத் தொகுப்புக்குச் சந்தா வேண்டும்.

ஜெர்மன் கற்பவருக்கு டாய்ச்ச வெல்ல என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் 'நீக்கோஸ் வேக்' தொடர் இருக்கிறது. மொழித்திறனை அளக்க ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட ஆறு நிலைகளில் ஏ1, ஏ2, பி1 ஆகிய மூன்றுக்கும் ஒரே கதையை நீட்டிச் செல்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்திறங்கும் நீக்கோ விமான நிலையத்தில் பையைத் தொலைத்துவிடுகிறான். பையைக் குறிக்கும் 'டாஷெ' என்ற சொல்லை அதன் பிறகு மறக்கவே முடியாது. ஒவ்வொரு சிறு காட்சிக்கும் பயிற்சிகள் உண்டு. இதன் குறை, நம் நிலை இரண்டு பாடங்களுக்கு நடுவே நின்றுவிட்டால் அங்கே பார்த்துப் பழகுவதற்கு வேறு காணொளி கிடையாது என்பதே. பிரெஞ்சுக்கு டிவி5மோந்த் தளம் ஏ1 முதல் பி2 வரை நிலை குறித்த காணொளிகளைப் பயிற்சிகளோடு தருகிறது. அவற்றில் செய்தித் துணுக்குகள் மிகுதி என்பதால், பி1ஐ எட்டியவருக்கே அதன் முழுப் பயன் கிடைக்கும்.

லாங்குவேஜ் ரியாக்டர் என்ற குரோம் உலாவி நீட்சி நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் காணொளிகளில் இரு மொழிச் சப்டைட்டில்களை ஒன்றாகக் காட்டுகிறது. கைக்கு மிக வசதியான கருவி. ஆனால் கடினமான காணொளியை அது எளிதாக்குவதில்லை, கண்ணை மட்டும் தெரிந்த மொழியின் வரிக்கு இழுத்துவிடுகிறது. குழந்தைகளுக்கான கேலிச்சித்திரத் தொடர்களைப் பாருங்கள் என்று பலரும் சொல்லும் அறிவுரையையும் இவ்விடத்தில் மறுக்க வேண்டியிருக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்குத் தாய்மொழியில் ஆயிரக்கணக்கான மணிநேரப் பழக்கம் இருக்கிறது. கீச்சுக்குரலும் சொல்விளையாட்டும் ஒலிக்குறிப்புச் சொற்களும் நிறைந்த அந்தத் தொடர்கள், மூன்று மாதமே கற்ற பெரியவரைவிட அக்குழந்தைக்குத்தான் எளிது.

இடைநிலையைத் தாண்டியபின் ட்ரீமிங் ஸ்பானிஷின் எண்ணும் பிடி தளர்கிறது. முன்பே நன்கறிந்த பொருள் என்றால் பத்து எண் கூடுதலான காணொளியும் தடையின்றிப் புரிகிறது. அறியாத பொருள் என்றால் எண் குறைந்ததும் இடறுகிறது. அதனால் இப்போது கடின அளவை நடுத்தரமாக வைத்துக்கொண்டு, பொருளைக் கொண்டு வடிகட்டியே காணொளிகளைத் தேர்ந்துகொள்கிறேன்.