புது டிஸ்க் என்று சொல்லி லேத்தில் கடைந்த பழைய பிரேக் டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டார்கள்

வீட்டிலேயே பிரேக் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வேலை தெரியும் என்ற தெம்பில்தான் நான் ஏமாந்தேன்.

நான்கு மாதம் முன்பு பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் அதிர ஆரம்பித்தது. முன் சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கின் தடிமனை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். 17.8 மில்லிமீட்டர். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சம் 18 என்று பொறித்திருக்கிறது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடும் தேய்ந்து 3 மில்லிக்கு வந்திருந்தது. சரி, இரண்டையும் மாற்றிவிடலாம் என்று சேலத்தில் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன்.

பேட் பெரிய கம்பெனி அட்டைப்பெட்டியில் வந்தது. டிஸ்க் இரண்டும் வெறும் பிளாஸ்டிக் கவரில். "பெட்டி நனைஞ்சிருச்சு சார், உள்ள அதே மால்தான்" என்றார். பில் போட்டால் 700 ரூபாய் கூடுமாம். நானும் தலையாட்டிவிட்டு ஒரு எஸ்டிமேட் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். 700 ரூபாய்க்கு ஆசைப்பட்டது என் புத்தி, அதைக் கடைக்காரர் மேல் போட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரை அதன் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டினேன். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் இருந்த துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன், அது இருந்தால் புது டிஸ்க்கும் ஆடும். ஸ்லைடு பின்னுக்கு கிரீஸ், பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளி, வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து, பிறகு காலி ரோட்டில் 60-லிருந்து 20-க்கு இறக்கிப் பத்து தடவை பேடைப் பதியவைத்து, எல்லாம் முறைப்படி. பழைய டிஸ்க்கை அளந்த வெர்னியர் பக்கத்திலேயே கிடந்தது. புதுசை அளக்கத் தோன்றவே இல்லை.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதுதான் தெரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, கருகல் நாற்றம். இரண்டாம் கியரில்தான் இறங்கினேன். பெடல் கல் மாதிரி நிற்கிறது, வண்டி மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. பெடல் பஞ்சு மாதிரி இறங்கியிருந்தால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று நினைத்திருப்பேன். இது பேட் சூட்டில் பிடிப்பை இழந்தது. பின் சீட்டில் அம்மா. ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்து ஓரம்கட்டி, முக்கால் மணி நேரம் ஆறவைத்து, முதல் கியரில் ஊர்ந்து வந்தோம்.

வீட்டுக்கு வந்து கழற்றினால், பேடின் உராய்வுப் பகுதி ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து, பின் தகட்டிலிருந்து விட்டுக்கொண்டிருக்கிறது. என் பழைய பேடில் தகட்டில் பார்ட் நம்பர், ஓரத்தில் எஃப்எஃப் என்ற உராய்வுக் குறி எல்லாம் அச்சாகியிருக்கின்றன. இதில் ஒன்றும் இல்லை. டிஸ்க்கை லேத் பட்டறை அண்ணனிடம் காட்டினேன். கையில் வாங்கிய உடனே சிரித்தார். "கடைஞ்ச டிஸ்க் தம்பி. காத்துப் போற சந்துல டார்ச் அடிச்சுப் பாரு." அடித்துப் பார்த்தேன். கறுப்பு பெயின்டுக்கு அடியில் செதில் செதிலாகத் துரு! புது டிஸ்க்குக்குள் எப்படி வரும்? தடிமன் 18.2. புதுசு 20 இருக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு பொறித்திருந்த இடத்தைக் கிரைண்டர் போட்டு வழித்திருந்தார்கள்.

மறுநாள் கடைக்குப் போனேன். முதல் கேள்வியே "யாரு மாட்டினது?" நானேதான் என்றேன். அவ்வளவுதான். "அப்ப ஃபிட்டிங் கோளாறு சார், மெக்கானிக்கிட்ட விட்டிருக்கணும்." பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். சொந்தமாக வேலை செய்கிறவன் என்றால் இந்தப் பதிலை அவர்கள் தயாராக வைத்திருக்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கலாம் என்றால், என்னிடம் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு.

இப்போது வேறு கடையில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினேன். பெட்டியை கவுன்ட்டரிலேயே பிரித்து, துரு பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைத் துடைத்து, வெர்னியர் வைத்தேன். கடைப் பையன் நகைக்கடையில் எடை பார்க்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். 20.0.