பேக்கிங் மரத்தில் பூத்தொட்டி: கோவைப் பழைய மரக்கடை எப்படி?

மாடியில் செவ்வந்தியும் செண்டுமல்லியும் வைக்க நீளமான மரத்தொட்டி தேடுபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆன்லைனில் வாங்காதீர்கள். வார்னிஷ் பளபளக்கும், அடிப்பலகை கால் அங்குல ப்ளைவுட்டாக இருக்கும். ஒரு ஐப்பசி மழைக்கே அது உப்பிப்போய்விடும். நான் கோவையில், திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத பழைய மரக்கடையில் செய்து வாங்கினேன். கடையில் குறைகள் உண்டு. ஆனாலும் அடுத்த தொட்டிக்கும் அங்கேதான் போவேன்.

கோவை, திருப்பூர் மில்களுக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும்போது கூடவே மரப்பெட்டியும், சரக்கை ஏற்றிவைக்கும் பாலெட் என்ற மரத்தட்டும் வருகின்றன. மெஷினை இறக்கியதும் அந்த மரம் இந்த மாதிரிக் கடைகளுக்கு வந்துவிடும். இங்கே அதைப் பேக்கிங் மரம் என்பார்கள். பெரும்பாலும் பைன். முக்கால் அங்குலப் பலகை, எடை குறைவு, இழைத்தால் லேசாகப் பிசின் மணம் வரும்.

வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது பலகையில் இருக்கும் முத்திரையை. கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு, கீழே 'எச்.டி.' (HT) அல்லது 'எம்.பி.' (MB) என்று இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, அது 30 நிமிடம் நின்றிருக்கிறது என்று பொருள். பூச்சி சாவதற்காகச் செய்வது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. ஓசோனைக் கெடுக்கிறது என்று உலகமே கட்டுப்படுத்தி வைத்திருக்கும் வாயு அது. எம்.பி. மரம் எனக்கு வேண்டாம். கடைக்கார அண்ணன் இதில் சலித்துக்கொள்ளவில்லை. குவியலை அவரே புரட்டி எச்.டி. பலகைகளாக எடுத்துப் போட்டார். முத்திரை உள்ள பலகையை முன்பக்கம் வைக்கச் சொன்னேன். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

உள்ளளவு 3 அடி நீளம், 1 அடி அகலம், 9 அங்குல உயரம். கூலியோடு 1,350 ரூபாய், சக்கரம் நான்குக்கு 300 தனி. வீடு இடித்த பர்மா தேக்கு ஜன்னல் சட்டங்களும் அடுக்கி வைத்திருந்தார். அதில் செய்தால் பல வருஷம் நிற்குமே என்று கேட்டேன். "அதுல மண்ணைக் கொட்டறது பாவமுங்க அம்மணி" என்று முடித்துவிட்டார். வியாபாரி ஒருவர் விலை அதிகமான பொருளை விற்க மறுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடிப்பலகைதான் இந்தத் தொட்டியின் உயிர். நான் துளை போடச் சொன்னேன், அவர் வேண்டாம் என்றார். பலகைகளுக்கு இடையே பென்சில் பருமனுக்கு இடைவெளி விட்டு அடித்தார். மரம் நனைந்தால் அகலவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. நெருக்கி அடித்தால் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி ஸ்க்ரூவைப் பிடுங்கிவிடும். மழை வந்தபின் குனிந்து பார்த்தேன். இடைவெளி பாதியாகச் சுருங்கியிருந்தது, தண்ணீர் மட்டும் வடிந்துகொண்டே இருந்தது. தேங்கினால் செவ்வந்தி வேர் அழுகிவிடும், ஆகவே இது சின்ன விஷயமில்லை. அடிப்பலகை மேலே ஒரு துண்டு ஷேட் நெட் (நிழல்வலை) விரித்துவிட்டால் மண்ணும் கீழே கொட்டாது.

குறைக்கு வருகிறேன். பாலெட்டில் முறுக்காணி அடித்திருப்பார்கள். பிடுங்கினால் தலை மட்டும் கையோடு வரும், உடல் மரத்துக்குள் நின்றுவிடும். இவர்கள் வெட்டித் தேய்ப்பதை வெளிப்பக்கம் ஒழுங்காகச் செய்துவிட்டு உள்பக்கம் அப்படியே விட்டிருக்கிறார்கள். மண் கிளறும்போது விரலைக் கிழிக்கும் உயரத்தில் இரண்டு முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டியை வாங்கும்போதே ஒரு காந்தத்தை உள்ளே தடவிப் பார்த்து, அங்கேயே தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எண்ணெய். "கரையான் வராதுங்க, பழைய இன்ஜின் ஆயில் ஒரு கோட் அடிச்சுக் குடுத்தரட்டுங்களா?" என்று கேட்டார். வேலிக்காலுக்கு அது சரி. செடி வேர் படும் இடத்தில் கூடவே கூடாது. "வேண்டாங்ண்ணா, லின்சீட் ஆயில் நானே அடிச்சுக்கறேன்" என்று வாங்கி வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டால் அடித்தே அனுப்பிவிடுவார்கள், ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொன்ன நாளில் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். போன் செய்தால் "ஆச்சுங்க, ஸ்க்ரூ மட்டும்தானுங்க பாக்கி" என்பார்கள். அப்போது மரமே அறுத்திருக்காது.

சக்கரம் வைத்தது வீண்செலவு என்று வீட்டில் பேச்சு வாங்கினேன். ஆனால் செவ்வந்தி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும் செடி. எங்கள் மாடியின் ஓரத்துக்கு நேர் எதிரே தெருவிளக்கு. அந்த வெளிச்சம் இரவெல்லாம் விழுந்தால் செடி இலையாகத் தழைத்துக்கொண்டே போகும், பூவுக்கு வராது. இந்தத் தொட்டியைத் தள்ளித் தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்குக் கொண்டுபோனேன். கார்த்திகையில் மொட்டுக் கட்டி, பொங்கலுக்கு மஞ்சளாக நின்றது. ஓரத்திலேயே சிமெண்ட் தொட்டியில் இருந்த அதே நாற்று அப்போதும் வெறும் பச்சை. செண்டுமல்லிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, வெயில் இருந்தால் விதைத்த இரண்டு மாதத்தில் பூத்துவிடும்.

ஒன்று கவனம். வெறும் செம்மண் நிரப்பி நனைத்தால் இந்த அளவுத் தொட்டி நூறு கிலோவை நெருங்கும். சக்கரமும் தாங்காது, பழைய மாடியும் முனகும். செம்மண், நார்க்கழிவு, மக்கிய சாணி மூன்றையும் சமமாகக் கலந்தால் நன்றாகவே எடை குறையும்.

எத்தனை நாள் உழைக்கும்? அண்ணனிடமே கேட்டேன். "ரெண்டு மழை தாங்குமுங்க. மூணாவது மழை உங்க புண்ணியமுங்க." பைன் மரத்துக்கு இது நேர்மையான பதில். என் தொட்டி ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் நிறம் கறுத்திருக்கிறது, பலகை கெட்டியாகத்தான் இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆணிக்காக ஒன்று கழிவு. போகிறவர்கள் அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், ஆடி பிறப்பதற்குள் போங்கள். ஆயுத பூஜை நெருங்கினால் கம்பெனி வேலையே அவர்களுக்குச் சரியாக இருக்கும், நம் தொட்டியைத் தொட மாட்டார்கள். டெலிவரி கிடையாது, குட்டியானை நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும்.